விரிசல் வரைஞ்ச வீடு

வணக்கம் நேயர்களே. பழைய கட்டடம் பத்தி பேசச் சொல்லி கூப்பிட்டாங்க, நான் கோட்டை கொத்தளம்னு போகாம குடிசைய பத்தி பேசலாம்னு வந்திருக்கேன். குடிசைன்னாலும் ராணி கட்டுன குடிசைங்க! பிரான்ஸ்ல வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்குள்ள ராணி மேரி அன்டோனெட் தனக்குன்னு ஒரு கிராமத்தையே கட்ட வச்சாங்க, 1783ல ஆரம்பிச்சு 1786 வாக்குல முடிஞ்சுது, ஆர்க்கிடெக்ட் ரிஷார் மிக்.

நிஜ கிராமத்து வீட்ட பாருங்க, எல்லாம் தேவைக்கு வந்ததுதான். கூரை ஏன் அவ்ளோ சரிவு? மழைத்தண்ணி உள்ள ஊறுறதுக்குள்ள வழிஞ்சு ஓடிடணும். கூரை ஓரம் ஏன் அவ்ளோ வெளிய நீட்டிக்கிட்டிருக்கு? சுவர் நனையக்கூடாது, அவ்ளோதான். ஜன்னல் சின்னதா இருக்கறது குளிருக்கு பயந்து.

ராணி ஊர்லயும் இதெல்லாம் உண்டு, காரணம்தான் வேற, பாக்க பழைய கிராமம் மாதிரி தெரியணும். ஏரிய வெட்டி அத சுத்தி வீடுங்க, நிறைய வீட்டுக்கு கூரை வேய்ஞ்சு, ராணி வீட்டுக்கு ஓடு போட்டு, அதுவும் ஒரு வீடு இல்ல, ரெண்டு கட்டடம், நடுவுல ரெண்டையும் சேர்க்க மரத்தால ஆன ஒரு நடைபாதை, ஒரு பக்கம் பில்லியர்ட்ஸ் ஆட ரூம், உள்ள போனா சொகுசு நாற்காலி மேசைன்னு அரண்மனை சாமானுங்கதான். எனக்கு தலை சுத்துனது வெளிச்சுவர்லதான். புதுசா பூசின சுவர்ல விரிசல் விட்ட மாதிரி பெயிண்ட் அடிச்சிருக்காங்க! பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியற மாதிரி, மரம் உளுத்துப்போன மாதிரி எல்லாம் வரைஞ்சு வச்சாங்க. நாம விரிசல மறைக்கத்தானே பெயிண்ட் அடிப்போம்?

ஆனா சும்மா வேஷம்னு ஒதுக்கிடவும் முடியாது, பக்கத்துல இருந்த பண்ணை நிஜமான பண்ணை, பிரான்ஸ்லயே துரேன்ங்கற பகுதியிலேர்ந்து ஒரு விவசாயிய குடும்பத்தோட கூட்டிட்டு வந்து மாடு, கோழின்னு வளர்த்து அங்க கிடைச்சது அரண்மனை சாப்பாட்டுக்கு போச்சு.

பால் வேலைக்கு மட்டும் ரெண்டு வீடு. ஒண்ணுல வெண்ணெய் கடைவாங்க, பாலாடைக்கட்டி போடுவாங்க. இன்னொண்ணு உள்ள மார்பிள் மேசை, ராணி வந்து ருசி பாக்கறதுக்கு. 1789ல புரட்சி வந்துச்சு, அக்டோபர்ல ராணி பாரிஸ் போனவங்க திரும்பவே இல்ல, கவனிக்க ஆளில்லாம வரைஞ்ச விரிசல் நிஜ விரிசல் ஆச்சு. நெப்போலியன் காலத்துல ரிப்பேர் பண்றப்போ ரொம்ப பாழாப்போனதுங்கள இடிச்சிட்டாங்க. வெண்ணெய் கடைஞ்ச வீடு அதுல போயிடுச்சு. மார்பிள் மேசை வீடு இன்னும் நிக்குது.