குழுக்கள் இணையும்போது தூரத்தைச் சுமப்பது யார்?

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிவது தோட்டத்துப் பழைய மண்டபம். கூரையின் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ரப்பர் பால்மரங்கள் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. நான் சிறுமியாக இருந்தபோது, சனிக்கிழமைதோறும் எங்கள் சாரணியர் கூட்டம் இங்கேதான் நடந்தது.

இன்று இங்கே வந்து நின்று பேசக் காரணம் உண்டு. எங்கள் வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் எஞ்சியிருக்கும் மூன்று சிறு சாரணியர் குழுக்களையும் பட்டணத்துக் குழுவோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சு சில வாரங்களாகப் பெற்றோரிடையே நடந்துவருகிறது. இணைப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு அணிநடைப் பயிற்சி நடத்துவது கடினம். கூடாரம் வாங்கப் பணம் சேராது. பயிற்சி பெற்ற தலைவியர் கிடைப்பது அதைவிட அரிது. ஆனால் எதை இணைக்கிறோம், எதை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கிறோம் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசி முடித்தாக வேண்டும்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1912 மார்ச் 12ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தின் சவன்னா நகரில் ஜூலியட் கார்டன் லோ 18 சிறுமியரோடு தொடங்கிய சாரணியர் இயக்கம், காலப்போக்கில் நூற்றுக்கணக்கான வட்டார மன்றங்களாக வளர்ந்தது. ஒவ்வொரு மன்றமும் தனியாகப் பதிவு பெற்றது. தனி நிர்வாகக் குழு வைத்திருந்தது. பல மன்றங்களுக்குச் சொந்த முகாம் நிலமும் இருந்தது. சிறுமியர் வீடு வீடாக விற்கும் பிஸ்கட்டுகளின் வருமானமே அவற்றின் செலவில் பெரும்பங்கைத் தாங்கியது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், 312 மன்றங்களை 109 ஆகக் குறைப்பது என்று தேசியத் தலைமையகம் தீர்மானித்தது. பெரும்பாலான மன்றங்கள் இணங்கின. விஸ்கான்சின் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் இயங்கிய மனிட்டூ மன்றமோ, தன் எல்லையைப் பறிக்கத் தலைமையகத்துக்கு உரிமை இல்லை என்று வழக்குத் தொடுத்தது. முகவர்களின் ஒப்பந்தத்தைத் தக்க காரணமின்றி முறிக்கக் கூடாது என்று அந்த மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டு. இலாப நோக்கமற்ற அமைப்புக்கு அது பொருந்தாது என்ற தலைமையகத்தின் வாதத்தை ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் ஏற்க மறுத்து, மனிட்டூ மன்றத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் எழுதிய தீர்ப்பு அது. வணிக முகவர்களுக்காக இயற்றிய ஒரு சட்டத்தின் நிழலில் சிறுமியர் இயக்கத்தின் கிளை ஒன்று ஒதுங்க நேர்ந்ததை எண்ணும்போது எனக்கு மனம் கனக்கிறது. இணைப்புக்குப் பிறகு பல மன்றங்கள் முகாம் நிலங்களை விற்க முற்பட்டபோது எழுந்த எதிர்ப்பும் சிறிதன்று.

இதோ, என் கையில் இருப்பது ஒரு ரொட்டி டின். எங்கள் தோட்டத்துக் குழுவின் கருவூலம் இதுதான். வாரச் சந்தா இருபது காசு. மூடியின் உட்புறத்தில் எங்கள் டீச்சர் ஒட்டிய காகிதத்தில் பதினான்கு பெயர்கள் இருக்கின்றன. நான்காவது பெயர் என்னுடையது. நான் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் படித்தபோது எங்களையும் பட்டணத்துக் குழுவோடு சேர்த்தார்கள். கயிறுகள், கொடி, முதலுதவிப் பெட்டி எல்லாம் ஒரே நாளில் வேனில் ஏறிப் போயின. கூட்டம் மாலை நான்கு மணிக்கு என்று அறிவித்தார்கள். கடைசிப் பேருந்து ஐந்தேகாலுக்கு. காலையில் பால் வெட்டப் போய் வந்த அம்மாக்கள், இருட்டிய பிறகு மகளை அழைத்துவர எந்த வண்டியில் போவார்கள்? இரண்டு மாதத்தில் பதினான்கு பேர் நான்கு பேரானோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று பதிவேட்டில் எழுதினார்கள். அந்த வரி இன்றும் என்னை வாட்டுகிறது, ஏனென்றால் இந்தப் பதினான்கு பேரில் ஒருத்திகூட ஆர்வமில்லாமல் நின்றவள் இல்லை.

சேர்ந்து நிற்பது நம் ஊருக்குப் புதியதா? தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், இதே சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்து அமைச்சராக உயர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகளின் சிறு சேமிப்புகள் ஒன்றுதிரண்டு தோட்டங்களையே வாங்கின. சேர்ந்த தொழிலாளி ஒவ்வொருவரும் பங்குதாரராகவே இருந்தார். நமது இணைப்பும் அந்த வழியில் அமைய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அலுவல், கணக்கு, தலைவியர் பயிற்சி, ஆண்டு முகாம் ஆகியவை ஒன்றாகட்டும். வாராந்திரக் கூட்டம் மட்டும் பிள்ளைகள் நடந்து வரக்கூடிய இடத்திலேயே தொடரட்டும். மாதம் ஒருமுறை பட்டணத்தில் கூடலாம், அன்றைய வேன் செலவு பொதுக்கணக்கில் போகட்டும். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒரு தாய் நிர்வாகக் குழுவில் அமரட்டும். கொடியும் பொருள்களும் எந்தக் குழுவினுடையவை என்று பட்டியல் எழுதி, இரு தரப்பும் ஒப்பமிடட்டும்.

வரும் ஞாயிறு நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் இவற்றை எழுத்து வடிவில் கொடுக்கப் போகிறேன். இந்த வட்டாரத்துத் தாய்மார்களும், ஒரு காலத்தில் சட்டையில் சாரணியரின் மூவிலைச் சின்னம் குத்திக்கொண்டு இங்கே வந்த அக்காமார்களும் தவறாமல் வர வேண்டும். உங்கள் பிள்ளை கூட்டத்துக்கு எப்படி வருகிறாள், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். இந்த டின்னை நானும் எடுத்து வருகிறேன்.