நடித்தவரை விடுங்கள், எழுதியவரைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையைக் கடற்கரைச் சாலைக்குக் கொடுக்காமல் எங்களுக்குக் கொடுத்திருக்கும் புதுச்சேரிப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘திறமையான நடிகர்கள் கூடியும் காதல் நகைச்சுவைப் படங்கள் ஏமாற்றுவதற்குக் காரணம் நடிப்பவர்களா, எழுதுபவர்களா?’ என்பது இன்றைய தலைப்பு. நடிப்பவர்களே என்று வாதிட வந்த எதிரணிச் சகோதரி, சற்றுமுன் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார். கதையை முழுதாகக் கேட்காமலேயே நடிகர்கள் கால்ஷீட் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுடைய சம்பளமே படத்தை விழுங்கிவிடுகிறது. நாயகனுக்கும் நாயகிக்கும் இடையே கெமிஸ்ட்ரி என்பதே இல்லை. இந்த மூன்றுக்கும் சாட்சியாக அவர் கொண்டுவந்து நிறுத்தியது ‘ஹவ் டூ யூ நோ’ என்ற ஆங்கிலப் படம். நல்ல சாட்சிதான். ஆனால் விசாரித்துப் பார்த்தால் அது எங்கள் பக்கம் அல்லவா பேசுகிறது!

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 டிசம்பரில் வெளிவந்த அதை எழுதி இயக்கியவர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ். அமெரிக்க தேசிய சாஃப்ட்பால் அணியிலிருந்து கழற்றிவிடப்பட்ட வீராங்கனையாக ரீஸ் விதர்ஸ்பூன். அவரோடு பழகும் பேஸ்பால் வீரராக ஓவன் வில்சன். தந்தையின் நிறுவனத்தில் நடந்த முறைகேட்டுக்காக அரசு விசாரணையில் மாட்டிக்கொண்ட மகனாகப் பால் ரட். அந்தத் தந்தையாக ஜாக் நிக்கல்சன். வில்சன், ரட் இருவரில் யாரை அந்தப் பெண் தேர்ந்தெடுப்பாள் என்பதுதான் கதை. ஏறத்தாழ 12 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம், உலகம் முழுவதும் சேர்த்து 5 கோடி டாலரைக்கூட வசூலிக்கவில்லை.

அந்தச் செலவில் பெரும்பங்கு சம்பளம்தானே என்று சகோதரி கேட்டார். இருக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் சம்பளம் தயாரிப்பாளரை அழவைக்கலாமே தவிர, டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவரைக் கொட்டாவி விடவைக்காது. திரையில் தோன்றும் முகத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டா நாம் சிரிக்கிறோம்? நஷ்டம் என்பது வேறு, ஏமாற்றம் என்பது வேறு. நடுவர் நம்மிடம் கேட்டிருப்பது ஏமாற்றத்தைப் பற்றி.

கால்ஷீட் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதே புரூக்ஸின் இயக்கத்தில் 1983ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்கும் 1997ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்கும் என நிக்கல்சன் இருமுறை ஆஸ்கர் பெற்றிருக்கிறார். தமக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த மனிதர் மறுபடியும் அழைக்கும்போது, முழுக்கதையையும் கொடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு நடிகர் தயங்கி நிற்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதை அலட்சியம் என்பதா, நம்பிக்கை என்பதா? அந்த நம்பிக்கை எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பதற்கு ஒரு செய்தி போதும். ‘ஹவ் டூ யூ நோ’வுக்குப் பிறகு நிக்கல்சன் வேறு எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் நடுத்தூண் இங்கேதான் இருக்கிறது. இயக்குநர் அவரேதான், நடிகரும் அவரேதான் என்னும்போது, 1997இல் நடந்த மாயம் 2010இல் ஏன் நடக்கவில்லை? ‘ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்’ படத்தில் நிக்கல்சன் ஏற்றிருந்த எழுத்தாளர் பாத்திரம் நடைபாதைக் கற்களின் இடைக்கோட்டை மிதிக்க அஞ்சும். உணவகத்துக்குப் போனால் தன் பிளாஸ்டிக் கரண்டியையும் முட்கரண்டியையும் தானே எடுத்துப்போகும். எதிர்ப்படும் எல்லோரையும் புண்படப் பேசும். அப்படிப்பட்டவர், தமக்கு வழக்கமாகப் பரிமாறும் பெண்ணையே விரும்பத் தொடங்குகிறார். காதலுக்குத் தடை வெளியிலிருந்து வரவே தேவையில்லை. அவருடைய சுபாவமே தடை, அந்தத் தடையே சிரிப்பு, அது கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதே காதல். இந்த மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டவர்கள் அதன் திரைக்கதையை எழுதிய மார்க் ஆண்ட்ரஸும் புரூக்ஸும். அந்தப் பெண்ணாக நடித்த ஹெலன் ஹண்டும் அவ்வாண்டு ஆஸ்கர் பெற்றார்.

2010ஆம் ஆண்டுப் படத்தில் இதே நடிகருக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன? செய்த தவறு தந்தையுடையது. பழைய தண்டனை ஒன்று இருப்பதால், அவர் அகப்பட்டால் வாழ்நாளின் எஞ்சிய பகுதியைச் சிறையில்தான் கழிக்க வேண்டும்; மகன் பழியை ஏற்றால் சில ஆண்டுகளில் வெளியே வந்துவிடலாம். ஒரு தந்தை மகனிடம் இதைக் கேட்பது எவ்வளவு கனமான நிலைமை! இதைச் சோகமாகவும் எழுதலாம், கறுப்பு நகைச்சுவையாகவும் எழுதலாம். இரண்டும் செய்யாமல், நிக்கல்சனை அவ்வப்போது மகனிடம் வந்து வாக்குவாதம் செய்துவிட்டுப் போகிறவராக ஆக்கிவிட்டார்கள். காதல் கதை ஒரு தெருவில் போக, தந்தை கதை இன்னொரு தெருவில் போகிறது; இரண்டும் சந்திக்க வேண்டிய முனையைக் கட்டுவது நடிகரின் பொறுப்பா?

எழுத்து இருந்திருந்தாலும் இவர்கள் சொதப்பியிருப்பார்கள் என்று எதிரணியில் யாரேனும் சொல்லக்கூடும். அதற்கான பதிலும் அதே படத்துக்குள் இருக்கிறது. நாயகன் ரட்டின் உதவியாளருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மருத்துவமனை அறையில், குழந்தையின் தந்தை தட்டுத்தடுமாறி, தன்னைத் திருமணம் செய்துகொள்ளும்படி அந்தப் பெண்ணிடம் உள்ளம் உருகிப் பேசுகிறான், அவள் அழுகிறாள். அந்தப் பேச்சைக் கேமராவில் பிடிக்க வேண்டிய நாயகனோ பதிவு செய்யும் பொத்தானை அழுத்தவே இல்லை. உடனே, போன பேச்சை மறுபடி நடத்தியாக வேண்டும் என்று முடிவாகிறது. சொன்னவனுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது நினைவில்லை. மற்றவர்கள் ஆளுக்கொரு வரியாக எடுத்துக்கொடுக்க, உண்மையாக வந்த உணர்ச்சியை நடிப்பாகத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள். சிரிப்பும் நெகிழ்ச்சியும் ஒன்றாக வருகின்றன. உதவியாளராக நடித்த கேத்ரின் ஹான் அந்தக் கட்டிலில் இருந்தபடியே காட்சியைத் தூக்கி நிறுத்துகிறார். பக்கத்தில் நிற்கும் ரட், விதர்ஸ்பூன் இருவரிடமும், இல்லை என்று சகோதரி சொன்ன அந்தக் கெமிஸ்ட்ரி திடீரென்று முளைத்துவிடுகிறது. ஏனென்றால் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது! முதல் சந்திப்பில், இருவருக்குமே அன்றைய நாள் பாழாகிப்போயிருக்க, பேசாமலேயே சாப்பிடலாம் என்று அவள் சொல்லி, இருவரும் மௌனமாகச் சாப்பிடும் காட்சியும் அப்படித்தான். மற்ற இடங்களிலெல்லாம் தம் மனநிலையைத் தாமே விளக்கிக்கொண்டு நிற்கிறார்கள். சம்பளமும் முகங்களும் மாறவில்லை. காட்சிக்குக் காட்சி மாறியது எழுத்து மட்டுமே.

இனி நம் ஊருக்கு வருவோம். 1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ படத்தை நாகேஷும் பாலையாவும் காப்பாற்றினார்கள் என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். அவர்கள் மேதைகள் என்பதில் இங்கே இரண்டு அணி கிடையாது. ஆனால் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் அந்தப் புகழ்பெற்ற காட்சி எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். படம் எடுக்க மகனுக்குப் பணம் வேண்டும். பணம் பணக்காரத் தந்தையிடம் இருக்கிறது. ஆகவே கதை சொல்லியே தீர வேண்டும். அவர் ஏளனமாகக் கேட்கத் தொடங்கி, பயத்தில் சிக்கிக்கொள்கிறார். சொல்பவருக்கு ஒரு தேவை, கேட்பவருக்கு ஒரு பலவீனம்; பாலையாவுக்கு அங்கே வசனம் மிகக் குறைவு, விழிக்கவும் நடுங்கவும் எழுத்து அவருக்கு இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தில்தான் அவர் ராஜ்ஜியமே நடத்தினார். படத்தின் காதல் பகுதியோ, பெரிய இடத்துப் பிள்ளை என்ற ஒரே ஒரு பொய்யிலிருந்து கிளைக்கிறது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற முத்துராமன் கிழவேடம் போட வேண்டியதாகி, பிறகு அந்த வேடமே அவருடைய காதலுக்குத் தடையாகிறது. நாயகன் ரவிச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம். புதுமுகத்தை வைத்துக்கொண்டே நம் தாத்தா, பாட்டி காலத்தவரைச் சிரிக்கவைத்த எழுத்து அது. இன்றைக்கும் தொலைக்காட்சியில் போட்டால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறோம்.

புதுச்சேரிக்காரர்கள் இன்னொன்றையும் அறிவீர்கள். காதல் படம் என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு நம் ஒயிட் டவுனுக்கு வந்துவிடுகிறார்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, ஒரு சைக்கிள், காதல் தயார்! மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளுக்குத் தடை உள்ள கடற்கரைச் சாலையில், விளக்கு வைத்த பிறகு நாயகன் பைக்கில் நாயகியை ஏற்றிக்கொண்டு போவதாக ஒருவர் எழுதினால், அவருக்குக் காதலும் தெரியாது, நம் போக்குவரத்துக் காவலரையும் தெரியாது. ஆனால் இதே ஊரில் நடப்பதாக எழுதப்பட்டு 2015இல் வந்த ‘நானும் ரௌடிதான்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விஜய் சேதுபதி, நயன்தாரா, ராதிகா, பார்த்திபன் என்று அதிலும் பெரிய கூட்டம்தான். போலீஸ்கார அம்மாவின் மகன் ரௌடியாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறான். அவன் விரும்பும் பெண்ணுக்குக் காது கேட்காது. அவன் சொல்வது அவளுக்குக் கேட்காதபோது சிரிப்பு வருகிறது, சொல்ல முடியாததை அவன் சொல்லிவிடும்போது காதல் வருகிறது. சுவர் என்ன வண்ணமாக இருந்தால் என்ன!

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். கதை கேட்காமல் வந்தவர்கள், சம்பளத்துக்காக வந்தவர்கள், பொருத்தமில்லாத ஜோடி என்று நீங்கள் குற்றம் சாட்டும் அதே நடிகர்கள், அந்த மருத்துவமனை அறையில் மட்டும் எப்படி நடித்தார்கள்? அதற்கு விடை சொல்லிவிட்டு, உங்கள் வாதத்தைத் தொடருங்கள். நன்றி, வணக்கம்.