வாயும் வயிறும் வேறு
(ஊட்டச்சத்து மாதக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே அழகாகச் சொல்லிவிட்ட மருத்துவர் அம்மா அவர்களே, பந்தல் போட்டுத் தந்த இளைஞர் மன்றத் தம்பிகளே, காலையிலிருந்து கால் கடுக்க நிற்கும் அங்கன்வாடிப் பணியாளர்களே, உதவியாளர்களே, மடியில் பிள்ளையோடு முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களே, வணக்கம். யாராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் துணைத் தலைவரை விட்டுவிட்டேன். இன்றுவரை அவர் வீட்டில் எனக்குக் காபி இல்லை.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒன்று, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு யாருக்கு உரிமை. இரண்டு, பெயரைப் பதிவது எப்படி. மூன்று, பதிந்த பிறகும் ஏன் பலர் வாங்க வருவதில்லை.

முதல் செய்தி சுருக்கமானது. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது, அங்கன்வாடிகளை நடத்தும் இந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். 2025 அக்டோபரோடு 50 வயது. 2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதை உரிமையாகவே ஆக்கிவிட்டது. கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஆறு மாதம் வரை தாய்க்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை பிள்ளைக்கும் உண்டு. "நாங்கள் என்ன அவ்வளவு இல்லாதவர்களா?" என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். இருக்கப்பட்டவர், இல்லாதவர் என்று சட்டம் பிரிக்கவில்லை அம்மா. கர்ப்பிணிக்கு நாளுக்கு 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் என்று அளவு போட்டிருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு மேலே கிடைக்க வேண்டியது அது.

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. பணங்காசு விஷயத்துக்குச் சொன்ன பழமொழிதான். ஆனால் எனக்கு அதன் அர்த்தம் பிடிபட்டது 2019-இல்.

என் மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். கால் வீக்கம், நடக்க முடியவில்லை. மாவு வாங்கி வரும் வேலை எனக்கு. சரி, வாங்கி வந்தேன். முதல் நாள் என் மனைவி அதை நெய்விட்டு வறுத்து, வெந்நீர் தெளித்து உருண்டை பிடித்தாள். வாசனை திண்ணை வரை வந்தது. ஒன்றே ஒன்று என்று எடுத்தேன். மறுநாள் பாலில் கரைத்து ஒரு டம்ளர். அப்புறம் சாயங்காலமானால் கை தானாக அந்த டப்பாவுக்குப் போகும். மகள் ஒன்றும் சொல்லவில்லை. "அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு, விடும்மா" என்றாளாம். மாதம் முடிவதற்குள் டப்பா காலி. கூச்சமில்லாமல் போய் நின்றேன். பணியாளர் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு நின்ற என் தொந்தியைப் பார்த்தார். "ஐயாவுக்கு இது எத்தனையாவது மாசம்?"

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று அங்கே இருந்த பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். ஆனால் கைதட்டுகிற அண்ணன்மார்கள் வீட்டுக்குப் போய் டப்பாவை ஒருமுறை பார்க்க வேண்டும். மாவு வருவது ஒருத்தி பெயருக்கு. தோசையாகவும் புட்டாகவும் போவது நாலு வாய்க்கு. மாட்டுத் தொட்டிக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். வாயும் வயிறும் வேறு!

நான் தலைகுனிந்து வெளியே வந்தபோது ஒரு பெண் ஓடி வந்தாள். தலையில் சும்மாடு அப்படியே இருக்கிறது, கையெல்லாம் சிமெண்ட். எட்டு மாதம் இருக்கும். உள்ளே பூட்டத் தொடங்கிவிட்டார்கள். "நேத்தும் வந்தேன், பூட்டியிருந்துச்சு. இன்னைக்கு அரைநாள் கூலியை விட்டுட்டு வந்தேன்" என்றாள். அன்று அவளுக்குக் கிடைத்தது. அடுத்த மாதம் அவளை நான் பார்க்கவில்லை.

அன்றாவது மகளுக்குப் பதிலாக நான் போய் வாங்க முடிந்தது. 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவுக்கு முகப்பதிவு கட்டாயம் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. மாவு வாங்குகிறவர்களைப் பதிந்து வைக்கும் போஷன் டிராக்கர் செயலிக்கு முன்னால், பெயர் பதிந்தவள் முகமே நிற்க வேண்டும். மாமியார் முகம் செல்லாது, என் முகம் செல்லவே செல்லாது. திருட்டைத் தடுக்கத்தான் என்கிறார்கள். என்னைப் போன்ற ஆளைத் தடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சித்தாள் வேலைக்கும் மில் வேலைக்கும் போகிறவள் பகலில் எந்த முகத்தைக் கொண்டுவந்து காட்டுவாள்? அவள் வரவில்லை என்றால் ஏட்டில் 'ஆர்வமில்லை' ஆகிவிடுகிறது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். நாலு வருஷமாக இதையே கேட்கிறேன், வட்டார அலுவலர் அவர்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். மாவு கொடுக்கும் வாரத்தில் ஒருநாளாவது சாயங்காலம் 6 மணிமுதல் 8 மணிவரை மையம் திறந்திருக்க வேண்டும். பணியாளர்களைக் குறை சொல்லவில்லை. வாக்காளர் பட்டியல் வேலை வந்தாலும் அவர்களில் பலர் தலையில்தான் விழுகிறது. சாயங்காலம் திறந்தால் மறுநாள் காலை அவர்களுக்கு ஓய்வு கொடுத்தாக வேண்டும். அவர்களுக்கும் வாயும் வயிறும் வேறுதானே.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. பதிவு செய்வது எப்படி என்ற இரண்டாவது செய்தியைத் தொடவே இல்லை. மருத்துவர் அம்மா பக்கத்திலேயே இருக்கிறார், அவரைக் கேளுங்கள். தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் அம்மா வாசித்துக் காட்டட்டும். கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்த மேசைக்கு வாருங்கள், பேனா நான் தருகிறேன்.