ஒரே செலவுக்கு மூன்று படிவம்

நண்பர்களே, அமெரிக்காவில் மத்திய அரசின் மானியம் வாங்கும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தின் கணக்காளரை மனதில் வைத்துக்கொண்டுதான் இன்று பேச வந்திருக்கிறேன். அவருக்கு மூன்று துறைகளிலிருந்து பணம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைக்கு ஒரு படிவம். ஒரு துறை ஒரு பெயரில் கேட்கிற செலவை அடுத்த துறை வேறு பெயரில் கேட்கும். அதே சம்பளம், அதே வாடகை, மூன்று தடவை எழுத வேண்டும். எழுதியதெல்லாம் கடைசியில் பிடிஎஃப் கோப்பாகிப் போய்ச் சேரும். அதைக் கணினியில் கூட்டிப் பார்ப்பதோ, ஒப்பிடுவதோ பெரும்பாடு.

2019 டிசம்பர் 30 அன்று சட்டமான கிரேட் சட்டம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. மானிய அறிக்கைகளில் வரும் விவரங்களுக்குப் பொதுவான பெயர், பொதுவான வடிவம் வேண்டும். கணினி நேரடியாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். இந்தத் தரங்களை 2 ஆண்டுக்குள் வகுக்க வேண்டும் என்றது. அந்தப் பொறுப்பை வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்துக்கும், அதிக மானியம் வழங்கும் துறைக்கும் சேர்த்துக் கொடுத்தது. அந்தத் துறை சுகாதாரத் துறை.

இது திடீரென்று வந்ததல்ல. 2006இல் டாம் கோபர்ன் என்ற குடியரசுக் கட்சி செனட்டரும், அன்று செனட்டராக இருந்த பராக் ஒபாமாவும் சேர்ந்து முன்னெடுத்த சட்டத்தால் அரசின் செலவுகள் ஒரு பொது இணையதளத்துக்கு வந்தன. 2014இல் டேட்டா சட்டம் வந்து, அந்த விவரங்களுக்குப் பொதுத் தரம் வேண்டும் என்றது.

நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புவது ஓர் எண்ணைப் பற்றி. அரசுப் பணம் வாங்குபவர் யார் என்று அடையாளம் காட்டியது, பல ஆண்டுகளாக, ஒரு தனியார் நிறுவனம் வழங்கிய டன்ஸ் என்னும் 9 இலக்க எண். யோசித்துப் பாருங்கள்: மக்களின் வரிப்பணம் யாருக்குப் போனது என்பதற்கான திறவுகோல் அரசின் கையில் இல்லை! 2022 ஏப்ரல் 4 முதல்தான் அரசே வழங்கும் 12 எழுத்து அடையாளக் குறியீடு அதன் இடத்துக்கு வந்தது. சின்ன மாற்றம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயரை யாராவது சொந்தம் கொண்டாடினால் கணக்கை எப்படித் திறந்து வைப்பது?

2022 டிசம்பரில் நிதித் தரவு வெளிப்படைத்தன்மைச் சட்டமும் வந்தது. நிதிச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்புகள் வாங்கும் அறிக்கைகளுக்கும் இதே விதி. கடன் பத்திரம் வெளியிடும் நகரங்களும் இதன் வட்டத்துக்குள் வருகின்றன. மென்பொருளுக்கும் ஆளுக்கும் யார் பணம் கொடுப்பார்கள் என்று சின்ன ஊர்கள் பயப்படுவது நியாயம்தான். அவகாசமும் உதவியும் தர வேண்டும். ஆனால் அதற்காகப் பிடிஎஃப்போடு நின்றுவிடக் கூடாது.

சரி, பணத்தின் பாதைக்கு வருவோம். வாஷிங்டனிலிருந்து மாநிலத்துக்கு, மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து நம் கணக்காளரின் நிறுவனத்துக்கு. மானியத்தை முதலில் வாங்குபவர், தனக்கு அடுத்த கைக்கு 30,000 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். அதற்கும் அடுத்த கையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அந்த விதியில் இல்லை. நம் கணக்காளர் இருப்பதோ அந்த மூன்றாவது கையில். அவர் மூன்று தடவை எழுதிய கணக்கு, அந்தப் பொது இணையதளத்தில் ஒரு தடவைகூட வராமல் போகலாம்.