குப்பை லாரி வராவிட்டால் புற்றுநோய் செல் என்ன ஆகும்?

[திரையில்: ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசல். குவிந்து கிடக்கும் எச்சில் இலைகள்.]

இந்தப் படத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வகைப் புற்றுநோய் செல்லை மருத்துவர்கள் ஏறத்தாழ இப்படித்தான் கொல்கிறார்கள். அதன் வீட்டுக்குக் குப்பை லாரி வராமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

வணக்கம். உயிரியல் பாடம் என்றதும் கை தானாக அடுத்த வீடியோவுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அரை நிமிடம் பொறுங்கள், பாடத்தை ஓட்டமாக முடித்துவிடுகிறேன். செல் ஓயாமல் புரதம் செய்கிறது. அதில் சில கோணலாக மடிந்துவிடும். சில வேலை முடிந்து பழசாகிவிடும். அவற்றின்மேல் யுபிகுவிட்டின் என்ற குட்டிப் புரதம் சங்கிலியாக ஒட்டப்படும். 'இது கழிவு' என்பதற்கான சீட்டு அது. சீட்டு விழுந்த புரதத்தைப் புரோட்டியாசோம் என்ற பீப்பாய் உள்ளே இழுத்துப் பொடிப்பொடியாக நறுக்கிவிடும். இந்தச் சீட்டு முறையைக் கண்டறிந்த சீக்கானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பாடம் முடிந்தது.

மண்டபத்துக்கு வருவோம். எங்கள் தெருவின் எதிர்ச்சாரியில் ஒன்று இருக்கிறது. ஒருமுறை சரியாக முகூர்த்த நாட்களில் மூன்று நாள் குப்பை லாரி வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வாளி நிறைந்தது. மூடி போட்டுச் சமாளித்தோம். மண்டபத்தில் முதல் நாளே பின்வாசல் அடைத்துக்கொண்டது. இரண்டாம் நாள் இலைக் குவியல் சமையல்கட்டின் படியேறிவிட்டது. சாம்பார் ஊறிய இலைக்கு அடியில் பாயசம் ஊறிய இலை. அதற்கும் அடியில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். லாரி இரண்டு இடங்களுக்கும்தான் வரவில்லை. மூச்சுத் திணறியது மண்டபத்துக்கு மட்டும்.

மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்தான் அந்த மண்டபம். எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகும் நோய் இது. பிளாஸ்மா செல்லின் தொழிலே எதிர்ப்பொருள் என்ற, கிருமிகளை எதிர்க்கும் புரதத்தைத் தயாரிப்பது. ஒரே செல் நொடிக்கு ஆயிரக்கணக்கில் செய்து வெளியே அனுப்பும். இரவு பகலாகப் பந்தி நடக்கிறது என்றால் இலையும் அந்தக் கணக்கில்தானே விழும்? பீப்பாயை அடைத்துவிட்டால் கோணல் புரதங்கள் தேங்கும், செல் அபாயமணி அடிக்கும், தாங்க முடியாத கட்டத்தில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். மற்ற செல்கள், எங்கள் வீட்டு வாளியைப் போல, முனகிக்கொண்டே பிழைத்துவிடும். புற்றுநோய் செல்லின் சுறுசுறுப்பையே அதற்கு எமனாக்கிய இந்த யோசனையை நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது.

அடைக்கும் மருந்தின் பெயர் போர்டெசோமிப். அமெரிக்காவில் 2003 மே மாதம் அனுமதி பெற்றது. இதற்கு வித்திட்ட ஹார்வர்டு பேராசிரியர் ஆல்ஃபிரட் கோல்ட்பெர்க் முதலில் தேடியது புற்றுநோய் மருந்தே அல்ல. நோயாளிகளின் தசை கரைவதைத் தடுக்கும் மருந்தை.

[திரையில்: கேரம் போர்டு. ஒரு கை வெள்ளைப் பவுடரைத் தூவுகிறது.]

இது ஏன் இங்கே? போர்டெசோமிப் மூலக்கூறில் ஒரு போரான் அணு இருக்கிறது. பீப்பாயின் கத்திமுனையைப் போய்ப் பிடித்துக்கொள்வது அதுதான். மருந்துகளில் போரானைக் காண்பது அபூர்வம். ஆனால் காய் வழுக்கி ஓட நாம் காலங்காலமாகத் தூவும் பவுடர் போரிக் அமிலம். அதிலும் இதே போரான்தான். உடனே 'கேரம் பவுடர் புற்றுநோயைக் குணமாக்கும்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள், பெரியப்பா நம்பிவிடுவார். அது தின்றால் விஷம்.

அந்தப் பிடி நிரந்தரமும் அல்ல. சுமார் 72 மணி நேரத்தில் புரோட்டியாசோம் வேலைக்குத் திரும்பிவிடும். அதனால் 21 நாள் கொண்ட ஒரு சுற்றில் 1, 4, 8, 11-ஆம் நாட்களில் ஊசி போடுவது வழக்கமான முறை. லாரியை நிறுத்து, விடு, மறுபடி நிறுத்து. நல்ல செல்கள் மூச்சுவிட்டுக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

குறைகளும் உண்டு. நரம்புகள் அடிவாங்கும், விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகும், எரியும். நரம்பு வழியாக ஏற்றாமல் தோலுக்கு அடியில் போட்டால் இந்தத் தொல்லை குறைகிறது. மார்பகம், நுரையீரல் போன்ற கட்டிப் புற்றுநோய்களில் மருந்து பெரிதாக எடுபடவில்லை. மைலோமா செல்களே காலப்போக்கில் தப்பிக்கக் கற்றுக்கொள்வதும் உண்டு.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். உடம்புக்கு நல்லது என்று நாம் குடிக்கும் கிரீன் டீயில் உள்ள ஒரு பொருள், அந்தப் போரானைப் பிடித்து மருந்தையே செயலிழக்க வைப்பதாக 2009-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அது எலிகளிலும் ஆய்வகச் செல்களிலும் பார்த்ததுதான். ஆனாலும் வீட்டில் யாராவது இந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தால், கிரீன் டீ டப்பாவையும் மாத்திரையாக விற்கும் அதன் சாற்றையும் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். கேரம் பவுடர் விஷயம் உங்களில் எத்தனை பேருக்கு முன்பே தெரியும்? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.