பாறைக்கு யார் வெள்ளையடிப்பது?

வணக்கம் நேயர்களே. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரமாகக் கொட்டிக் கிடக்கும் கருங்கற்களில் உட்கார்ந்து காற்று வாங்காதவர்கள் வடசென்னையில் குறைவு. அந்தக் கற்களில் பெயர்கள் இருக்கும், அம்பு விட்ட இதயம் இருக்கும், கட்சிக் கொடி இருக்கும். அவை எங்கேயோ உடைத்து லாரியில் கொண்டுவந்து போட்ட கற்கள். நான் பேச வந்தது, பிறந்த இடத்திலேயே இன்னும் நிற்கும் பாறையைப் பற்றி.

நான் பாறை ஏறுகிறவன். நம் பக்கத்தில் ஏறுவதற்கு ஒரு குன்றுகூடக் கிடையாது. அதனால் விடிவதற்கு முன்பே கிளம்பி செங்கல்பட்டுப் பக்கம் போவோம். விடுமுறை கிடைத்தால் கர்நாடகத்தில் ராமநகரம், பாதாமி என்று போவோம். போகிற இடமெல்லாம் பெயின்ட்.

எங்கள் தெருவில் ஒரு பெயின்டர் அண்ணன் இருக்கிறார். தேர்தல் வந்தால் வண்ணாரப்பேட்டைச் சுவர் பாதி அவர் கையெழுத்துதான். ஒருமுறை பாறையில் இருந்த எழுத்தை அழிக்கலாம் என்று நாங்கள் புறப்பட்டபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். யாரோ ஒரு பையன் தன் பெயரையும் ஒரு பெண்ணின் பெயரையும் சிவப்பு எனாமலில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தான். அண்ணன் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சொவுத்துல எழுதுனா அடுத்த எலெக்‌ஷனுக்கு எவனாவது வெள்ளையடிச்சிட்டுப் போவான். பாறைக்கு யாருப்பா வெள்ளையடிப்பா?”

எங்களில் ஒருவர் கம்பி பிரஷ்ஷை எடுத்ததும் அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். “பெயின்ட்டும் போவும், கல்லோட தோலும் போவும்.” அது உண்மை. வெயிலும் மழையும் பட்டுப் பட்டு நிறம் மாறிய மேற்பரப்புதான் பாறையின் தோல். அதைச் சுரண்டினால் உள்ளிருக்கும் வெளிறிய கல் தெரியும். பெயின்ட் போன இடத்தில் அதே பெயர் இப்போது கீறலாக நிற்கும். பாதாமியில் இருப்பது மணற்கல், அது இன்னும் மிருது. மறுபடியும் சொல்கிறேன், கம்பி பிரஷ் வேண்டாம், மணலைப் பீய்ச்சி அடிக்கிற மெஷினும் வேண்டாம்.

அண்ணன் செய்தது வேறு. முதலில் ஓரமாக, கண்ணில் படாத இடத்தில் கொஞ்சம் பெயின்ட் ரிமூவர் ஜெல்லைத் தடவிப் பார்த்தார். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் எழுத்தில் தடவி, காயாமலிருக்க பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடினார். ஊறியதும் நைலான் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தார். கழுவிய தண்ணீர் மண்ணில் இறங்காதபடி கீழே பழந்துணி. பாறையின் நுண்துளைகளுக்குள் இறங்கிய பெயின்ட் ஒரே தடவையில் வருவதில்லை. மறுபடி தடவ வேண்டும், மறுபடி ஊற வேண்டும். வெயில் சாயும்போது முதல் எழுத்து மட்டும் போயிருந்தது. எழுதிய பையனுக்கு எத்தனை நிமிடம் ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பெயர்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. ஏறுகிறவனுக்கு ஆபத்து இருக்கிறது. சாய்வான பாறையில் பல இடங்களில் பிடிமானமே இருக்காது. ஷூவின் ரப்பர் கல்லின் சொரசொரப்பைக் கவ்வுவதை நம்பித்தான் நிற்கிறோம். பெயின்ட் அந்தச் சொரசொரப்பை மூடிவிடுகிறது. பனி ஈரம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் பாறைமேல் இருக்கும் உயிர். பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அந்த இனத்துப் பாசிகள்தான் பாறைமேல் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிபவை. பல வகைகள் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உள்ளங்கை அகலத் திட்டு ஒன்று உங்கள் தாத்தாவைவிட மூத்ததாக இருக்கலாம்.

காதலர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2002-இல் இமாச்சலப் பிரதேசத்தில் மணாலி–ரோத்தாங் மலைச்சாலையோரப் பாறைகளில் பெரிய நிறுவனங்களே விளம்பரம் எழுதியிருந்தன. பத்திரிகையில் செய்தி வந்து, உச்ச நீதிமன்றமே அதைக் கையில் எடுத்தது. நம் மாநிலத்தில் பொது இடங்களை விளம்பரத்தால் அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களைச் சேதப்படுத்தினால் 2010 திருத்தத்தின்படி 2 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஏறுகிறவர்கள் கையில் பூசும் சாக் தூளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: அந்த வெள்ளைத் தடமும் நாம் விட்டுவரும் எழுத்துதான். இறங்கும்போது மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு வாருங்கள். கடைசியாக இன்னொன்று. விழுப்புரம் பக்கம் கீழ்வாலையில் இருப்பதுபோல் செங்காவி ஓவியமோ, பழைய எழுத்தோ பாறையில் தெரிந்தால் அதன்மேல் ஏற வேண்டாம், பக்கத்தில் கிறுக்கல் இருந்தாலும் நீங்களாகச் சுத்தம் செய்யவும் வேண்டாம். படம் எடுத்து, தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள். வணக்கம்.