பனியைத் தராசில் நிறுத்தால் கோடைத் தண்ணீர் தெரியும்: ஓர் இலத்தீன் ஆசிரியரும் ஓர் அலுமினியக் குழாயும்

[திரையில்: காய்ந்த புல்வெளி, பின்னால் பைன் மரங்கள்]

வணக்கம் உறவுகளே. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி, கலிபோர்னியாவின் ஆளுநர் ஜெரி பிரவுண் சியரா நெவாடா மலைத்தொடரில் பிலிப்ஸ் நிலையம் என்னும் இடத்திலுள்ள புல்வெளியில் நின்றபடி, நகர்ப்புற நீர்ப்பாவனையை 25 சதவீதத்தால் குறைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அந்த மாநிலத்தின் வரலாற்றில் அப்படியொரு கட்டாயக் கட்டுப்பாடு அதற்கு முன்னர் வந்ததில்லை. ஆனால் அன்றைய பெரிய செய்தி அவர் சொன்னது அல்ல, அவருடைய காலுக்கடியில் புல் தெரிந்தது. 1941 முதல் அளந்துவரும் அந்த இடத்தில் அந்தத் திகதியில் வழமையாக ஓர் ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கும். அன்றைக்கு ஒரு கைப்பிடிகூட இல்லை. மாநிலம் முழுவதும் மலைகளில் பனியாகக் கிடந்த நீர், வழமையில் 5 சதவீதம் மட்டுமே.

பனியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் மட்டுமே கண்டிருக்கும் இலங்கையின் வடக்கே, வன்னியில் இருந்துகொண்டு இதைப் பற்றி ஏன் காணொளி போடுகிறீர்கள் என்று கேட்பீர்கள். காரணம் திகதியில் இருக்கிறது. மாரி மழையில் செய்யும் காலபோக நெல் அறுவடை முடிந்து, கோடையில் குளத்து நீரை நம்பிச் செய்யும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசனப் பொறியியலாளர்களும் மாவட்டச் செயலகத்தில் கூடிக் கதைப்பதும் ஏறத்தாழ இதே நாட்களில்தான். அங்கே பனியை அளப்பவரும் இங்கே குளத்து அளவுகோலைப் பார்ப்பவரும் ஒரே கேள்விக்குத்தான் விடை தேடுகிறார்கள்: இனி மழை இல்லை, கையிருப்பு எவ்வளவு?

மாரிகாலத்தில் மலையில் விழும் பனி கோடையில் உருகி ஆறாக ஓடும் என்பதைப் பாடப்புத்தகத்திலேயே படித்துவிட்டோம், ஆகவே அதை இந்த ஒரு வசனத்தோடு விட்டுவிடுவோம்.

[திரையில்: குளக்கட்டு ஓரம், அடிக்கோடுகள் எழுதிய அளவுகோல்]

எங்கள் இரணைமடுக் குளம் நிரம்பினால் 36 அடி. கிளிநொச்சியில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு இது. ஆனால் குளம் 18 அடியில் நிற்கும்போது பாதித் தண்ணீர் இருக்கிறது என்று எவராவது சொன்னால், குளத்தை அறிந்த கமக்காரர் சிரித்துவிடுவார். குளத்தின் அடி ஒடுக்கம், மேல் விரிவு. ஆகையால் அடியில் உள்ள ஓர் அடி உயரத்தைவிட அலைகரையை எட்டும்போது ஏறுகிற ஓர் அடி உயரத்தில் பல மடங்கு நீர் இருக்கும். அதனாலேதான் பொறியியலாளர் அளவுகோலின் அடியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்தக் குளத்துக்கென்று தயாரித்த அட்டவணையில் பார்த்துக் கன அளவாக மாற்றுகிறார். பனியிலும் இதே ஏமாற்று இருக்கிறது, இன்னும் மோசமாக. புதிதாக விழுந்த பனி பத்து அங்குலம் உருகினால் ஏறத்தாழ ஓர் அங்குல நீர்தான் மிஞ்சும். அதே பனி பல வாரங்கள் கிடந்து, தன் பாரத்தாலேயே அமுங்கி, பகலில் சற்று உருகி இரவில் மீண்டும் உறைந்து கோடைக்கு முன் இறுகியபின், பத்து அங்குலத்தில் நான்கு ஐந்து அங்குல நீர் இருக்கும். ஆகவே கம்பை ஊன்றி ஆழத்தைப் படித்துவிட்டு வந்தால் ஒன்றும் விளங்காது. பனியை நிறுக்க வேண்டும்.

[திரையில்: குழாயின் படம், துண்டு துண்டாக]

இப்போது இந்தக் காணொளியின் நாயகனைப் பார்ப்போம். இது ஓர் அலுமினியக் குழாய். ஒவ்வொரு துண்டும் 30 அங்குலம். பனியின் ஆழத்துக்கு ஏற்ப மரையால் ஒன்றோடொன்று பூட்டி நீட்டிக்கொள்ளலாம். அடிமுனையில் வாளைப் போன்ற பற்கள் இருக்கின்றன. உள்ளே பனி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்காகப் பக்கவாட்டில் நீளமான திறப்புகளை வெட்டியிருக்கிறார்கள். வெளிப்புறத்தில் அங்குலக் கோடுகள். குழாயைப் பனியில் செங்குத்தாக இறக்கித் திருகித் திருகித் தரை வரை அமுக்கி, மெல்ல இழுத்தெடுத்தால், குழலில் இருந்து தள்ளி விழுத்தும் புட்டு மாதிரி, மேலிருந்து கீழ்வரை அந்த மாரிகாலம் முழுவதும் விழுந்த பனி ஒரே உருளையாக உள்ளே நிற்கும்.

இந்த வேலையைச் செய்பவர்களின் பக்குவம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. குழாய் வெயிலில் சூடாகியிருந்தால் பனி உருகி உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், முதலில் அதை நிழலில் வைத்துக் குளிரவிடுகிறார்கள்; உட்புறத்துக்கு மெழுகும் பூசுவதுண்டு. வெறுங்குழாயை முதலில் நிறுத்துக் குறித்துக்கொள்கிறார்கள். பனியோடு இழுத்தெடுத்த பின்னர் செய்யும் முதல் வேலை, குழாயைக் கவனமாகச் சரித்து நுனியைப் பார்ப்பது. அங்கே ஈரமண்ணும் கருகிய புல்லும் அடைத்திருந்தால் குழாய் உண்மையிலேயே தரையைத் தொட்டிருக்கிறது. மண் இல்லாவிட்டால் இடையில் ஏதோ ஒரு பனிக்கட்டிப் படையில் முட்டி நின்றிருக்கலாம், திரும்பவும் குத்த வேண்டும். மண் இருந்தால் அதைக் கத்தியால் சுரண்டி எறிந்து, அதன் நீளத்தையும் ஆழத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் தராசில் தொங்கவிடுகிறார்கள்.

இனித்தான் நான் சொல்ல ஆசைப்பட்ட இடம் வருகிறது. குழாயின் வெட்டுமுனையின் உள்விட்டம் 1.485 அங்குலம். ஒன்றரை என்று வைத்திருந்தால் கடைசலுக்கும் இலகு, சொல்வதற்கும் இலகு. ஏன் இந்த விசித்திரமான எண்? இந்த விட்டமுள்ள குழாயில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நின்றால், அந்த நீரின் நிறை ஓர் அவுன்ஸ். நம்பாதவர்கள் வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 28.4 கன சென்ரிமீற்றர் வரும். ஓர் அவுன்ஸ் 28.35 கிராம். ஆகவே வெறுங்குழாயின் நிறையைக் கழித்தபின் தராசு 32 அவுன்ஸ் காட்டினால், அந்தப் பனி உருகும்போது 32 அங்குல நீர் என்று அர்த்தம். ஆழம் 80 அங்குலமாக இருந்திருந்தால் அடர்த்தி 40 சதவீதம். கணிப்பானும் கைபேசியும் தேவையில்லை. விறைத்த விரல்களால் நனைந்த கொப்பியில் பெருக்கல் கணக்குப் போட வேண்டிய துன்பத்தை, கணக்கு முழுவதையும் விட்டத்துக்குள் ஒளித்துவைத்துத் தீர்த்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், நீரியலில் இதைவிட அழகான கருவி கிடையாது. இதற்காகவே இந்தக் காணொளிக்கு ஒரு விருப்பக்குறி போடலாம்.

இந்தக் குழாய்க்கு மூலமானதைச் செய்தவர் ஒரு பொறியியலாளராக இருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஜேம்ஸ் சேர்ச் என்னும் அவர் நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் படிப்பித்தவர். பழங்காலப் புலவர்களின் செய்யுள்களைப் பிரித்துப் பொருள் சொல்லிவந்த மனிதர், 1895இல் நடு மாரியில், 3,200 மீற்றருக்கு மேல் உயரமான மவுண்ட் றோஸ் சிகரத்தில் ஏறினார். பின்னர் அங்கேயே வானிலை நிலையமும் அமைத்தார். அந்த மலையடியிலுள்ள தாகோ ஏரியில் அப்போது பெரிய இழுபறி. நீரைத் தேக்கினால் கரையில் வீடு உள்ளவர்கள் முறையிடுவார்கள். திறந்துவிட்டால் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் நீரை நம்பியிருப்பவர்கள் முறையிடுவார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தின் பின்னர், இரணைமடுவின் வான்கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்று நடந்த வாக்குவாதங்களைக் கேட்டவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. சேர்ச் மலைப்பனியை நிறுத்து, இந்த ஆண்டு ஏரி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கினார். அவருடைய முறை எளிமையானது: அளக்கும் ஒவ்வோர் இடத்தையும் அதே இடத்தின் வழமையான அளவோடு மட்டும் ஒப்பிட்டு, வழமையில் எத்தனை சதவீதம் என்று சொல்வது. ஆண்டுதோறும் அதே மரங்களுக்கிடையில், அதே அடையாளங்களில் போய்க் குத்துவது அதற்காகத்தான்.

அந்தச் சதவீதத்தில் பிலிப்ஸ் நிலையம் காட்டிய மறுமுனையையும் கேளுங்கள். 2023 ஏப்ரல் ஆரம்பத்தில் அங்கே பனியின் ஆழம் 126.5 அங்குலம், அதில் இருந்த நீர் 54 அங்குலம், அதாவது வழமையின் 221 சதவீதம். 54 அங்குலம் என்பது 1,370 மில்லிமீற்றர். வன்னியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழைக்கு ஏறத்தாழச் சமமான நீர், ஓடாமல் வடியாமல், நின்ற இடத்திலேயே வெள்ளையாக நின்றது.

[திரையில்: இரவு வானம், எரிவெள்ளி]

எல்லா மலைக்கும் ஆள் போக முடியாது. ஆகவே 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மேற்கு மலைகளில் ஸ்நோடெல் என்ற தானியங்கி நிலையங்களை அமைத்தார்கள். உறையாத திரவம் நிரப்பிய பெரிய தட்டையான பையைத் தரையில் விரித்துவிட்டால், மேலே பனி ஏற ஏற உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தமே நீரின் நிறை. சரி, அந்த எண்ணை மலைகளுக்கு நடுவிலிருந்து எப்படி அனுப்புவது? சிக்னலுக்காகப் பாலைமரத்தில் ஏறி நின்ற அனுபவம் உள்ளவர்கள் கவனியுங்கள். அவர்கள் எரிவெள்ளிகளைப் பயன்படுத்தினார்கள்! நாள்தோறும் கோடிக்கணக்கான விண்துகள்கள், பெரும்பாலானவை மணல் பருமன்கூட இல்லாதவை, பூமிக்கு மேலே 80 முதல் 120 கிலோமீற்றர் உயரத்தில் எரிகின்றன. எரிந்த தடம் ஒரு கணத்துக்கு மின்னேற்றம் பெற்றிருக்கும், அதில் வானொலி அலை பட்டால் தெறித்துத் திரும்பும். தலைமை நிலையம் ஓயாமல் அழைத்துக்கொண்டிருக்கும். சரியான கோணத்தில் ஒரு தடம் தோன்றும் கணத்தில் மலையிலுள்ள கருவிக்கு அந்த அழைப்புக் கேட்கும். தடம் மறைவதற்குள் அது தன் எண்களைச் சொல்லி முடித்துவிடும். இப்போது செய்மதிக்கும் கைபேசி வலையமைப்புக்கும் மாறிவிட்டார்கள் என்று அறிந்தபோது எனக்குச் சற்றுக் கவலையாக இருந்தது.

இவ்வளவு நுட்பமும் 2021இல் சறுக்கியது. அந்த ஏப்ரலில் கலிபோர்னியாவின் மலைப்பனியில் வழமையின் ஏறத்தாழ 60 சதவீத நீர் இருந்தது, ஆனால் நீர்த்தேக்கங்களுக்கு வந்து சேர்ந்தது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. குழாயிலும் தராசிலும் பிழையில்லை. முந்திய ஆண்டின் வறட்சியில் காய்ந்திருந்த மண் உருகிய நீரைக் குடித்துவிட்டது, ஒரு பகுதி ஆவியாகவும் போய்விட்டது. வன்னியில் ஐப்பசியின் முதல் மழைகள் எவ்வளவுதான் கொட்டினாலும் குளத்து அளவுகோல் அசையாமல் நிற்பதும், காடும் வயலும் குடித்து முடித்த பிறகே இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு இறங்கி வருவதும் இதே காரணத்தால்தான். ஆகவே பனியின் நிறையோடு, அதற்குக் கீழே கிடக்கும் மண்ணின் ஈரத்தையும் அளந்து எதிர்வுகூறலில் சேர்ப்பதில் இப்போது அதிக கவனம் செலுத்துகிறார்கள்.

உங்கள் ஊர்க் குளத்துக்கு எத்தனை மழைக்குப் பிறகு வரத்துத் தொடங்குகிறது, அதை வீட்டுப் பெரியவர்கள் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். நல்ல பதில்களை, விமானத்திலிருந்து லேசர் ஒளியால் பனியை அளப்பது பற்றிய அடுத்த காணொளியில் வாசிக்கிறேன்.